வலது பக்கமாக ஏறிய கார்

வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக் கார் கொடுக்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். டயர் பார்ப்பது, பிரேக் பார்ப்பது, ஒப்பந்தத் தாள் நிரப்புவது எல்லாம் உங்களுக்கு வேறு ஆட்கள் சொல்லிக் கொடுப்பார்கள். என்னைவிட நன்றாகவே சொல்வார்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது பயத்தைப் பற்றித்தான். முப்பத்தைந்து வருஷம் இந்த வேலையில் இருந்தேன். சாவியைக் கொடுத்துவிட்டால், கார் திரும்பி வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. வீட்டில் இதற்காக என்னைக் கேலி செய்வார்கள். அந்தப் பயம் எந்த நாளில் பிடித்தது என்பதை அவர்களிடம்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை.

ஐம்பதுகளின் பின்பாதி. நுவரெலியா பஸாருக்குச் சற்று மேலே இருந்த ஒரு கராஜில் வேலை செய்தேன். முதலாளியிடம் வாடகைக்கு விட மூன்று கார்கள் இருந்தன. டிரைவர் வேண்டுமென்றால் நாங்கள் போவோம். தானே ஓட்டுகிறேன் என்று வரும் வெள்ளைக்காரர்களைச் சோதித்துப் பார்த்துச் சாவி கொடுப்பது என் பொறுப்பு. நான் லிந்துலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசை வீட்டில், பிறந்தவன். பாதிரியார் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு டவுனுக்கு வந்து, கழுத்துப் பட்டன் போட்ட சட்டையோடு சாவிப் பலகைக்கு முன்னால் நிற்கிறேன் என்பதில் எனக்குத் தலைகால் தெரியாத பெருமை. வயது இருபத்தாறு. பெருமைப்படக் கூடாத வயதும் இல்லை.

இங்கிலாந்துக்காரர்களால் தொல்லை இல்லை. அவர்கள் ஊரிலும் நம்மைப்போல இடது பக்கம்தான். மற்ற ஐரோப்பியர்கள் வலது பக்கம் ஓட்டிப் பழகியவர்கள். அப்படி ஒருவர் ஒரு நாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மனைவியோடு வந்தார். நல்ல உயரம், அமைதியான பேச்சு, தன் நாட்டில் பாலம் கட்டும் எஞ்சினியர். லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்துத் துரை தேநீருக்கு அழைத்திருக்கிறார், போகிற வழியில் நீர்வீழ்ச்சியைப் படம் எடுக்க வேண்டும், மாலைக்குள் திரும்பிவிடுவோம் என்றார். அழைத்த தோட்டத்தின் பெயரைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அது என் அக்கா கொழுந்து பறிக்கும் தோட்டம், நான் பிறந்த தோட்டம்.

பச்சை மொரிஸ் மைனரை வெளியே எடுத்து நிறுத்தினேன். அவர் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து, ஸ்டியரிங் இல்லாததைப் பார்த்து, “பழக்கதோஷம்” என்று சிரித்தார். நானும் கூடவே சிரித்தேன். பிறகு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டவுனைச் சுற்றி ஒரு வட்டம் போனேன். முன்னால் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காக இடது பக்கமே ஓட்டினார். கியர் போடுவதும் பிரேக் பிடிப்பதும் என்னைவிட நேர்த்தி. எனக்குத் திருப்தி. கராஜ் வாசலுக்கு வந்ததும் நான் இறங்கி முற்றத்துக் கதவைத் திறந்துவிட்டேன். அந்த நேரத்தில் ரோட்டில் ஒரு வண்டியும் இல்லை. அவர் காரை ரோட்டில் திருப்பிக்கொண்டு முற்றத்துக்குள் வந்தபோது வலது ஓரமாக வந்தார். முழுக்க வலது ஓரம். அதை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். நெரிசலான ரோட்டில் யாரும் பக்கம் தவறுவதில்லை. முன்னால் போகிற வண்டியும் எதிரே வருகிற வண்டியும் அவர்களுக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கும். காலி ரோட்டில்தான் பழைய ஊர்ப் பழக்கம் தலைதூக்கும். அதனால் பிற்காலத்தில் நான் யாரையும் டவுனுக்குள் சோதித்ததில்லை. ஏரிக்கரைப் பக்கம் ஆள் நடமாட்டமில்லாத ரோட்டுக்குக் கூட்டிப்போய், மூன்று தடவை நிறுத்தித் திருப்பச் சொல்லிவிட்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பேன். ஒரு தடவை தவறினாலும் சாவி கிடையாது. இதை நீங்கள் செய்யுங்கள். வருகிறவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அன்றைக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த வெள்ளைக்காரத் துரையிடம் போய் “உங்களுக்கு இந்த ரோட்டில் ஓட்ட வராது, டிரைவரை வைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு அந்த நாக்கை யாரும் கொடுக்கவில்லை. மனசு உறுத்தியதைச் சமாதானப்படுத்த ஒன்று மட்டும் சொன்னேன். “மலை ரோடு, வளைவுக்கு வளைவு ஹார்ன் அடியுங்கள், இரண்டு தடவை அடியுங்கள். ஆட்கள் தாங்களே ஒதுங்கிக்கொள்வார்கள்.” அவர் அதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, மனைவியிடமும் தங்கள் பாஷையில் சொன்னார். இரண்டரை மணிக்குக் கார் வாசலைத் தாண்டியது.

மூன்றே கால் இருக்கும். தலவாக்கலையிலிருந்து வந்த பஸ்ஸின் டிரைவர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் எடுக்க கராஜுக்குள் வந்தார். வாளியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

“பச்சை மொரிஸ் ஒங்களோடதுதானே?”

“ஆமாண்ணே, ஏன்?”

“நானுஓயா தாண்டி ஒரு வளைவுல என் மூஞ்சிக்கு நேரா வந்தாரு. என்னப் பார்த்ததும் சட்டுன்னு எடது பக்கம் ஒடிச்சிட்டாரு. கண்ணாடியில பார்த்தேன், நான் தாண்டினதும் மறுபடியும் வலது பக்கம் போயிட்டாரு. ஹார்ன் மட்டும் நல்லா அடிக்கிறாரு, தம்பி.”

முதலாளியிடம் ஓடினேன். அவர் பேப்பரை மடிக்காமலே சொன்னார். “பெரிய ரோட்டுல வண்டியப் பார்த்தா ஒதுங்கிக்கிறாருல்ல? தோட்ட ரோட்டுல வண்டியே வராது. பின்னாடியே போயி நிப்பாட்டினா அந்தாளு என்ன நெனைப்பாரு? தோட்டத்துத் துரை என்ன நெனைப்பாரு? பேசாம இரு.”

பேசாமல் இருக்க முடியவில்லை. டெலிபோனைச் சுழற்றி எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டேன். லைன் கிடைக்கப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆனது. அந்தப் பத்து நிமிஷமும் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் தோட்டத்து ஆபீஸில் பெரிய கிளாக்கர், அதாவது தலைமைக் குமாஸ்தா, எடுத்தார். என்னைச் சின்ன வயசிலிருந்து தெரிந்தவர். விஷயத்தைச் சொன்னேன்.

“ஆளுகளுக்கு என்னப்பா? ஹார்ன் சத்தம் கேட்டா ஒதுங்கிக்குவாங்க. புதுசாவா தோட்டத்துக்குத் துரைமார் கார் வருது?” என்றார் அவர்.

அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஒதுங்குவார்கள் என்பது எனக்குத் தெரியும். எந்தப் பக்கம் ஒதுங்குவார்கள்?

இதை வெளியாட்களுக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்து ரோடு ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம். லொறியும் காரும் ஒதுங்கிப் போகும் அளவு அகலம். மேலே ஏறும் காருக்கு இடது பக்கம் மலை, வலது பக்கம் பள்ளம். துரை எப்போதும் இடது பக்கமே ஓட்டுவார். அதனால் ஏறுகிற கார் சத்தம் கேட்டால் ஆட்கள் பள்ளத்து ஓரமாக நிற்க வேண்டும். இறங்குகிற கார் என்றால் மலை ஓரமாக நிற்க வேண்டும். ஏறுகிறதா இறங்குகிறதா என்று என்ஜின் முனகலிலேயே தெரியும். திரும்பிப் பார்ப்பதில்லை. துரை காரை நிமிர்ந்து பார்ப்பது மரியாதையில்லை. ஒதுங்கி, தலையைக் குனிந்து, கார் தாண்டும்வரை அசையாமல் நிற்க வேண்டும். மழை நாளில் தலைக்கு மேல் கம்பளியைப் போட்டிருப்பார்கள், பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. ஆறு வயசில் நானும் அப்படித்தான் நின்றிருக்கிறேன். நடக்கக் கற்றுக்கொண்டதுபோல அதையும் கற்றுக்கொண்டோம்.

இவர் வலது பக்கமாக ஏறப் போகிறார். நான் சொல்லிக் கொடுத்தபடியே இரண்டு தடவை ஹார்ன் அடிப்பார். அந்த ஹார்ன், ஆட்களை நேராக அவர் காருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தும். ஒருவரும் தலை நிமிர மாட்டார்கள்.

“ஐயா, மடுவத்துல கொழுந்து நிறுத்தாச்சா?” என்று கேட்டேன். மடுவம் என்பது கொழுந்தை எடை போடும் கொட்டகை.

“இப்பத்தான் நிறுத்துக்கிட்டு இருக்காங்க. நாலு, நாலேகாலுக்கு ரோட்டுல எறங்கிருவாங்க.”

“கார் பங்களாவுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் அவங்கள மடுவத்துலயே நிப்பாட்டி வையுங்கய்யா. ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன்.”

“துரையோட விருந்தாளிக்குக் கார் ஓட்டத் தெரியலன்னு நான் கங்காணிகிட்டச் சொல்லணுமா? அது எப்புடிப் போய் முடியும்னு தெரியுமா ஒனக்கு? சரி, பார்க்கிறேன் வை” என்றார். அந்தப் ‘பார்க்கிறேன்’ எப்படிப்பட்டது என்று ஆபீஸ் வாசலில் நின்றவன் எவனுக்கும் தெரியும்.

பலகையிலிருந்து பழைய ஒஸ்டின் காரின் சாவியை எடுத்தேன். முதலாளி பின்னாலிருந்து என்னவோ சத்தம் போட்டார். வேலை போனால் போகட்டும் என்று நினைத்ததாக இப்போது சொன்னால் அது பொய். வேலையும் போகக் கூடாது, அக்காவுக்கும் ஒன்றும் ஆகக் கூடாது என்று இரண்டையும் வேண்டிக்கொண்டுதான் போனேன்.

நானுஓயா தாண்டியதும் பனி மூட்டம். கூடவே தூறல். தூறல் என்றால் கம்பளி. ஒவ்வொரு வளைவிலும் பச்சைக் கார் தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்து ஓட்டினேன். வழியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்திக் கேட்டேன்.

“பச்சைக் காரா? அந்தம்மா அருவியப் படம் புடிச்சுக்கிட்டு இருந்துச்சு. இப்பத்தான், கால் மணி நேரம் இருக்கும். வளைவுக்கு வளைவு ஹார்ன் அடிச்சுக்கிட்டுப் போறாரு. பொறுப்பான மனுசன்” என்றார் கடைக்காரர்.

தோட்டத்து ரோட்டில் திரும்பியபோது நாலு மணி தாண்டிவிட்டது. எனக்கு ஹார்ன் அடிக்கக் கை வரவில்லை. நான் இடது பக்கம்தான் போகிறேன், அடித்தால் தப்பில்லை. ஆனாலும் வரவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டிக்கொண்டு ஊர்ந்தேன். மேலே, பனிக்குள், இரண்டு தடவை ஹார்ன் கேட்டது. அடுத்த வளைவுக்கு மறுபடியும் இரண்டு. பிறகு ஒரே ஒரு நீள ஹார்ன். அதற்கப்புறம் சத்தமே இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது மொரிஸ் பள்ளத்து ஓரத்தில் ஒரு சக்கரம் வெளியே தொங்க நின்றது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் கம்பளியோடு, கூடையை முதுகில் மாட்டியபடி, இன்னும் ஒரே வரிசையில் அந்த ஓரத்திலேயே நின்றார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. கார் வரிசையின் முனையில் மோதியிருக்கிறது, ஆனால் நின்றவர்கள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. நான் முதலில் தேடியது அக்காவின் முகம். அக்கா வரிசையில் இல்லை. கீழே தேயிலைச் செடிக்குள் இறங்கி, எங்கள் பக்கத்து வீட்டு மாரியாயி அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உயிர் போய் உயிர் வந்தது. அக்காவுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த அந்த ஒரு கணம், மாரியாயி அக்கா அங்கே கிடப்பதையே மறந்து சந்தோஷப்பட்டேன். அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

மாரியாயி அக்காவுக்குத் தொடை எலும்பு முறிந்திருந்தது. எஞ்சினியர் சேற்றில் முழங்காலிட்டு, தன் கோட்டைக் கழற்றிப் போர்த்திக்கொண்டிருந்தார். அவர் மனைவி குடையைப் பிடித்தபடி அழுதார். நாலு பேராகத் தூக்கி ஒஸ்டினின் பின் சீட்டில் படுக்க வைத்தோம். அக்கா கூடவே ஏறிக்கொண்டாள். டவுன் ஆஸ்பத்திரிக்கு அந்த ரோட்டில் ஒரு குலுங்கல் இல்லாமல் ஓட்ட முடியுமா? ஒவ்வொரு குலுங்கலுக்கும் பின்னாலிருந்து ஒரு முனகல் வந்தது.

பாதி வழியில் மாரியாயி அக்கா பேசினார். “துரைக்கு அடி ஏதும் படலையே?”

“அவருக்கு ஒண்ணும் இல்ல. நீ பேசாமப் படு” என்றாள் என் அக்கா.

“இல்ல, தம்பிகிட்ட ஒண்ணு கேக்கணும். ஏறுற கார்னு சத்தத்துலயே தெரிஞ்சுச்சு தம்பி. பள்ளத்துப் பக்கந்தான் ஒதுங்கினோம். சரிதானே?”

“சரிதாங்க அக்கா. நீங்க சரியாத்தான் ஒதுங்கினீங்க” என்றேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் எஞ்சினியர் என் பக்கத்தில் வந்து நின்றார். தோட்டத்துத் துரையின் காரில் பின்னாலேயே வந்திருந்தார். கோபம் இல்லாமல்தான் கேட்டார். “உங்கள் முற்றத்துக்குள் நான் வலது பக்கமாக வந்தேன். நீங்கள் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். ஏன் ஒன்றும் சொல்லவில்லை?”

“சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள் என்று நினைத்தேன்.”

“சொல்லியிருந்தால் டிரைவரைக் கேட்டிருப்பேன்” என்றார். அவ்வளவுதான். நான் பயந்த துரை அவர் இல்லை. அவர் கேட்டுக்கொள்ளத் தயாராக இருந்த ஒரு மனிதர். தம்பி தங்கைகளே, எதிரே நிற்பவர் கோபித்துக்கொள்வார் என்று நீங்களாகவே முடிவு கட்டாதீர்கள். கோபித்தால் அவருடைய ஒரு மாலைப்பொழுது கெடும், அவ்வளவுதானே.

இதோடு முடிந்திருந்தால் நான் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து இதை எழுதியிருப்பேன். இரண்டு நாள் கழித்து முதலாளி ஒரு தாளைக் கொண்டுவந்தார். தோட்டத்து ஆபீஸில் டைப் அடித்தது. தொழிலாளர்கள் கார் வரும் பக்கமாகத் தவறுதலாக ஒதுங்கியதால் விபத்து நேர்ந்தது என்று இருந்தது. எஞ்சினியர் கொழும்புக்குப் போய்விட்டார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. கார் கொடுத்தவர் கையெழுத்து வேண்டுமாம்.

“போட்டுரு. அந்தப் பொம்பளைய ஆஸ்பத்திரியில தோட்டம்தான் பார்த்துக்குது. ஒனக்கும் வேலை இருக்கும், எனக்கும் லைசன்ஸ் இருக்கும்” என்றார் முதலாளி.

தாளை மூன்று தடவை படித்தேன். பிறகு கையெழுத்துப் போட்டேன். வண்டியில் மாரியாயி அக்காவிடம் சொன்னது ஒன்று, தாளில் ஒப்புக்கொண்டது வேறொன்று. வலது பக்கமாக வந்ததைப் பார்த்தும் வாயை மூடிக்கொண்டிருந்தது பயத்தால் செய்த பிழை. இந்தக் கையெழுத்தைத் தெரிந்தே போட்டேன்.

அடுத்த நாள் காலைப் பெரட்டில், ஆட்கள் கூடி நிற்கும்போது, அதை வாசித்துக் காட்டினார்களாம். கராஜ்காரரும் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று என்னையும் சேர்த்தே வாசித்தார்களாம். அதோடு ஒரு புது உத்தரவும் போட்டார்கள். இனிமேல் ஏறுகிற காரோ இறங்குகிற காரோ, சத்தம் கேட்டதும் எல்லோரும் மலை ஓரத்துக் கானுக்குள் இறங்கிவிட வேண்டும். கான் என்றால் மழைத்தண்ணீர் ஓடும் வடிகால். முழங்கால் ஆழம் இருக்கும். மாரியாயி அக்காவுக்குக் கால் கூடியது, ஆனால் குட்டையாகக் கூடியது. மலையில் ஏறிக் கொழுந்து பறிக்க முடியாமல் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள விட்டார்கள்.

அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தீபாவளிக்கும் டவுன் பக்கம் வரவில்லை. மூன்று மாசம் போல் பொறுத்துப் பார்த்துவிட்டு, தலவாக்கலைக்குப் போக வேண்டிய வேலை ஒன்று வந்த நாளில், நானே ஒஸ்டினை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். கொழுந்து நிறுத்துவிட்டு ஆட்கள் இறங்கும் நேரம். அன்றைக்கும் தூறல். வளைவு வந்தது, கை தானாகப் போய் ஹார்னை அடித்துவிட்டது.

வளைவைத் திரும்பிப் பார்த்தால் ரோட்டில் ஒருவரும் இல்லை. மலை ஓரத்துக் கானுக்குள், ஓடுகிற தண்ணீரில், கூடையோடும் கம்பளியோடும் வரிசையாகக் குனிந்து நின்றார்கள். நாலாவதாக நின்றது அக்கா. புடவைக் கரையெல்லாம் நனைந்திருந்தது. காரை அவளுக்கு நேராகக் கொண்டுபோய் மெதுவாக்கினேன். அவள் நிமிரவில்லை.

“அக்கா, நான்தான். மேல ஏறி வாக்கா” என்றேன்.

அவள் கம்பளியை விலக்கி என்னைப் பார்த்தாள். கானை விட்டு ஏறவில்லை.

“மொதல்ல இஞ்சின நிப்பாட்டு” என்றாள். “நீ எந்தப் பக்கம் வருவேன்னு எங்களுக்கு எப்புடித் தம்பி தெரியும்?”